ஸ்டியரிங்கை ஒட்டிய இருக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பழைய கார் விற்கும் இணையதளம் ஒன்றில் கிடைத்தது. வாங்கும் எண்ணமில்லை, சும்மா பார்ப்பேன். அங்கே எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுத்தான் படமெடுத்திருப்பார்கள். அப்போதுதான் உள்ளே தாராளமாகத் தெரியும். தொழில் வழக்கம். ஒரு காரில் மட்டும் இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டி நின்றது.

யாரோ மறந்திருக்கலாம். மறந்தார் என்றால் கதை இல்லை.

2

முதல் தொடக்கம்: மழை விட்ட காலையில், ஷோரூம் வாசலில் அவன்—

வேண்டாம். மழை வந்தால் காரை மறுபடி துடைக்க வேண்டும்.

அவன் அந்த ஷோரூமில் கார்களைப் படமும் வீடியோவும் எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவன். அன்று விற்பனைக்கு வந்தது அவன் மனைவியின் கார். மனைவி இல்லை. (எப்படி இறந்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். கார் விபத்து இல்லை, அதை மட்டும் நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.)

அவள் குள்ளம். அவன் நெட்டை. இருக்கையை நகர்த்தாமலே வீட்டிலிருந்து ஓட்டி வந்தான், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க.

3

அங்கே விற்பனை பார்ப்பவன் அவளுடைய தம்பி. வாய் சும்மா இராது.

"என்ன மாமா, கொக்கு மாதிரி மடங்கி வர்றீங்க?"

"பக்கம்தானே."

"அக்கா இருந்தா, 'ஒட்டகத்துகிட்ட யாரு சாவியக் குடுத்தது'ன்னு கேட்டிருக்கும்."

(இங்கே அவன் சிரித்தான் என்று எழுதினேன். பிறகு சிரிக்கவில்லை என்று. இரண்டும் பொய்போல இருக்கிறது.)

வெளிப்பக்கம் எடுத்தான். காரைச் சுற்றி நடந்து வீடியோ எடுத்தான். கீறலைக் கிட்டத்தில் எடுத்தான். வீட்டு கேட்டில் உரசியது. உரசியது அவனா அவளா என்று இருவருக்குள்ளும் நடந்த வழக்கு தீர்ப்பு இல்லாமலே முடிந்துபோனது. பிறகு முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"சீட்டைத் தள்ளுங்க மாமா. இப்படி எடுத்தா தீப்பெட்டி மாதிரி தெரியும். முதலாளி கத்துவாரு."

"நீ தள்ளு."

தம்பி குனிந்து லீவரைப் பிடித்தான். வீட்டில் அவள் வைத்ததையெல்லாம் உறவுக்காரர்கள் நல்லெண்ணத்தோடு ஒழுங்குபடுத்திவிட்டார்கள். அவள் வைத்த இடத்திலேயே இன்னும் இருப்பது இந்த இருக்கை ஒன்றுதான்.

தம்பி கையை எடுத்துக்கொண்டான். "நீங்களே தள்ளிக்குங்க. எனக்குக் கஸ்டமர் இருக்கு."

கஸ்டமர் யாரும் இல்லை.

4

முடிவுகள்.

ஒன்று, உட்கார்ந்து அழுகிறான், பிறகு தள்ளுகிறான். அழுகைக்கு அங்கே இடமில்லை; முன்சீட்டைத்தான் பார்த்தீர்களே.

இரண்டு, விற்காமல் வீட்டுக்கே ஓட்டிப்போகிறான். கதைக்குச் சரி. முழங்காலுக்குச் சரிப்படாது.

மூன்று, இருக்கையைத் தொடாமல் அப்படியே படமெடுத்து ஏற்றிவிடுகிறான். இதையே வைத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தைத்தான் நான் பார்த்தேன்.

ஆனால் படம் போட்டது விற்கத்தான். வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். அவர் நீங்களாக இருக்கட்டும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மைலேஜைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவான். படமெடுத்தவன் வெளியே நின்று, சுத்தமாக இருக்கும் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஒன்றும் தெரியாதவர்போல நடந்துகொள்ளுங்கள்.

லீவர் இருக்கைக்கு அடியில், முன்பக்கம். நான் எழுதியவரை இருக்கை நகரவில்லை.

உட்காருங்கள்.