இரண்டாம் காற்று குறைந்த ஆயுதபூசை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. பாடாலூர் தாண்டியதும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் அழுதார், அதில் கிடைத்தது. அவருக்கு சுதர்சன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அரியலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் இன்ஜினியர்.

முதல் வரி: ‘கொதிகலனின் வயிற்றில் செந்நிற நாக்குகள்...’ (அடச்சே, வேண்டாம்.)

2

அந்தப் பெரிய பாய்லரில் கொதிக்கும் மணலோடு நிலக்கரி எரிகிறது. அடியிலிருந்து ஊதும் காற்று போதாது. அரைகுறையாக எரிந்து மேலே வரும் வாயுவை முழுசாக எரிக்கப் பக்கச் சுவர்களிலிருந்து இன்னொரு காற்று வேண்டும். அதுதான் இரண்டாம் காற்று. அது குறைந்தால் நடுப்பகுதிக்கு எட்டாது. அங்கே விஷவாயு சேரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. (பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

ஆயுதபூசையன்று அந்தக் காற்று விசிறியின் வாயில் சுதர்சனே வாழைக்கன்று கட்டினார். விசிறி சும்மா இருக்குமா? இலையை இழுத்துத் தன் வாயிலிருந்த கம்பி வலையில் அப்பிக்கொண்டது. காற்று குறைந்தது. சுவரோரம் மட்டும் காற்று எட்டியதால், அங்கிருந்த வாயு அளக்கும் கருவியோ எல்லாம் சரி என்றது.

“தீ மங்கலா தெரியுது கண்ணையன், பாத்துட்டு வாங்க.”

சுதர்சன் சொன்னபடி ஒப்பந்தத் தொழிலாளி கண்ணையன் போய் பாய்லரின் கீழ்க்கதவைத் திறந்தார். வாயு முகத்தில் அடித்தது. சரிந்தவர் எழவே இல்லை.

வாழை கட்டியது கண்ணையன்தான் என்று ஆலை சொல்லிவிட்டது. செத்தவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

4

முடிவு ஒன்று: விசாரணையில் சுதர்சன் உண்மையைச் சொல்கிறார், வேலை போகிறது. (நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: வாயைத் திறக்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு... (இதை எல்லோரும் நம்புவீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.)

நடந்தது வேறு. காரியத்தன்று சுதர்சன் கண்ணையனின் ஊரான திருமானூருக்குப் போனார். கண்ணையன் மனைவி கலைமணி எதிரே வந்து கைகூப்பினாள்.

“எங்க வூட்டுக்காரரு செஞ்ச தப்பால உங்களுக்கும் கெட்ட பேராயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க சார். மன்னிச்சிருங்க.”

5

இதைச் சொன்னதும்தான் அவர் அழுதார். பெரம்பலூர் வந்தது, இறங்கிப் போய்விட்டார். அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

எழுதிப் பார்த்தேன்: “அம்மா, அந்த வாழையக் கட்டுனது...”

அதற்கு மேல் என் கை ஓடவில்லை. அவளோ கூப்பிய கையை இறக்கவில்லை. இந்த இடத்தில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்.

நீங்களாவது வாயைத் திறங்க, சார்.