பன்னிரண்டரை மணி அறிவித்தல்

மடுல்கெல்லயில் ஒருவர் செத்தால், கேபிளில் வாசித்த பிறகுதான் அது சாவு. அதுவரை வெறும் பேச்சு. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கெல்லாம் கம்பி இழுத்து, கோழிக்கடை மேல்மாடியில் ஒரு கமெராவும் ஒரு கதிரையும் போட்டு அஜந்தன் நடத்துகிற சின்னத் தொலைக்காட்சி அது. மதியம் பன்னிரண்டரைக்கு மரண அறிவித்தல். வாசிப்பது அவன் மனைவி டொரதி. கறி அடிப்பிடித்தாலும் பரவாயில்லையென்று சனம் டிவிக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஒரேயொரு வீட்டில் மட்டும் அவள் முகம் தெரியாது. அது அவள் அப்பா யாகப்பரின் வீடு. வேதக்காரப் பெண், யாழ்ப்பாணத்துச் சைவப் பையனைக் கண்டிப் பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவில்லை. மகள் முகம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று கேபிளை வெட்டியெறிந்துவிட்டு, கூரையில் டிஷ் பூட்டினார். மனுஷனின் வைராக்கியம் உடும்புப்பிடி. ஒன்பது வருடம் விடவில்லை.

அன்று பதினொரு மணிக்கு அவள் தம்பி லக்ஸ்மன் மாடியேறி வந்தான். அக்கா பக்கம் திரும்பாமல் ஒரு தாளை அஜந்தனிடம் நீட்டினான்.

"இன்னைக்கே வாசிக்கணும்" என்றவன், நிற்காமல் இறங்கிப் போய்விட்டான்.

டொரதி தாளை வாங்கிப் பார்த்தாள். அப்பா போன செய்தி அவளுக்கு அப்படித்தான் வந்தது, ஊரார் வீட்டுச் செய்திகள் வருகிற மாதிரியே.

இரண்டாம் முறை வாசித்தபோதுதான் மற்றது தெரிந்தது. 'லக்ஸ்மனின் அன்புத் தந்தையும்' என்றிருந்தது. மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி என்று எல்லார் பெயரும் இருந்தது. அவள் பெயர் இல்லை. பாவிகள், செத்த பிறகாவது விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா? அறிவித்தலில் பேரில்லாத மகள் சாவு வீட்டு வாசலோடு நிற்க வேண்டியதுதான். பெட்டிக்குக் கிட்டே போய் அப்பா முகத்தைப் பார்க்க எந்த உரிமையில் போவாள்?

"நான் வாசிக்கிறன். நீர் இரும்" என்றான் அஜந்தன்.

"வேணாங்க. எங்கப்பா. நான்தான் வாசிப்பேன்."

"அப்பிடியெண்டா உம்மட பேரையும் சேர்த்து வாசியும். ஆர் கேக்கப்போகினம்?"

"எழுதிக் குடுத்தத மாத்தி வாசிச்சா நாளைக்கி யாரு நம்மள நம்புவா? ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

பன்னிரண்டரைக்குக் கதிரையில் உட்கார்ந்தாள். 'காலஞ்சென்ற சூசையம்மாவின் அன்புக் கணவரும்' என்பது வரை குரல் பிசகவில்லை. 'லக்ஸ்மனின் அன்புத் தந்தையும்' என்ற இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். ஒரு எழுத்தைக்கூடக் கூட்டவில்லை. அடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

தாள் அதோடு முடிந்திருந்தது. துக்கத்திலும் அவசரத்திலும் லக்ஸ்மன் கடைசி வரியை மறந்துவிட்டான். தகவல் தந்தவர் யாரென்று சொல்லாமல் எந்த அறிவித்தலும் முடிவதில்லை. நாதியற்ற பிணத்துக்குக்கூடத் தோட்டத்துத் தலைவர் பெயரையாவது போடுவார்கள்.

டொரதி நிமிர்ந்து கமெராவைப் பார்த்தாள்.

"தகவல், மகள் டொரதி."

அரை மணி நேரத்தில் போன் அடித்தது.

"யாரக் கேட்டு ஒன் பேரச் சொன்ன?" லக்ஸ்மனின் குரல் நடுங்கியது.

"தகவல் சொன்னது யாருடா? நாந்தானே."

அவனுக்குப் பின்னால் பெண்கள் ஒப்பாரி வைப்பது கேட்டது.

"வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க, தகவல் சொன்ன மக எங்கன்னு" என்றான் அவன். "நாளைக்கி நாலு மணிக்குப் பெட்டிய எடுக்குறோம்."

"தெரியும். வாசிச்சேனே."

"அதுவரைக்கும் என்னத்துக்கு அங்க ஒக்காந்திருக்க? இப்பவே வாக்கா."