இன்ஸ்பெக்டர் தின்ற கறி

“என் கதையில இன்ஸ்பெக்டர் அந்தக் கறியத் திங்கணும், தோழரே. நீங்க மாத்துன முடிவு எனக்கு வேணாம்.”

இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று தோழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யனெல்கிஸ் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள்.

பதிப்பாசிரியர் எவெலியோ அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே ஹவானாவில் கரண்ட் இல்லை.

“பாரு புள்ள. நம்ம நாட்டுல அனுமதியில்லாம மாட்டை அறுத்தா ஜெயிலு, ரயில்ல அடிபட்டா விபத்து. அதனால உன் கதையில ஒருத்தன் மாட்டைத் தண்டவாளத்துல கட்டிப்போடுறான், ஊரே பங்கு போடுது. அதுவரைக்கும் நான் கை வைக்கல. ஆனா, கட்டுனவனப் பிடிக்க வந்த போலீஸே ஒரு தட்டு தின்னுட்டு பேசாம திரும்பிப் போறாரா? இதப் போட்டா, மேல இருக்கறவங்க என்னையத் திம்பாங்க.”

“அதுக்காக? கறிய ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டு, அவனுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போறதா? இது கதையா, சுவரொட்டியா?”

“சிரிக்க வைக்காத, பசிக்குது.”

அவள் அப்பா காமாகுவே ஊரில் தண்டவாளம் பழுது பார்ப்பவர். வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். வரப்போகும் அவளது ஒற்றைப் புத்தகத்துக்காக அப்பா சுவரில் பலகை அடித்துவிட்டார். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

“நீங்க கடைசியா எப்போ மாட்டுக்கறி தின்னீங்க?”

எவெலியோ கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “புது வருசத்துக்கு. வாசனை வெளிய போயிரக் கூடாதுன்னு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு வறுத்தோம். வேர்த்து ஊத்திருச்சு.”

“யாரு குடுத்தா?”

“மச்சான்.”

“அவருக்கு என்ன வேலை?”

விசிறிய அட்டை நின்றது. “உனக்கு எதுக்கு அது?”

“போலீஸா?”

அவர் மறுபடியும் கதவைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பும் வரவில்லை. அவளுக்குக் கோபம்கூட அலுத்திருந்தது.

“அதெல்லாம் எழுத முடியாது, புள்ள.”

“நான் எழுதிட்டேனே. நீங்கதான் கோடு போட்டு அடிச்சிருக்கீங்க.”

மேசையில் கிடந்த தாள்களை அடுக்கிப் பைக்குள் திணித்தாள்.

“சனிக்கிழமை அச்சுக்குப் போகுது. இருக்கற காகிதம் இவ்வளவுதான். இத விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது. உங்க அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவ?”

அதுதான் வலித்தது. பேருந்தில் வரும்போதெல்லாம் அந்த வெறும் பலகையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். நினைத்து முடித்துவிட்டுத்தான் படியேறினாள்.

“புத்தகத்துக்குன்னு அப்பா அடிச்ச பலகையில அம்மா சோப்பு வச்சுக்கட்டும்.”

“சோப்பு எங்க புள்ள கிடைக்குது?”

அவள் அதற்குள் வெளியே வந்திருந்தாள். சுவரைத் தடவியபடி இருட்டுப் படிகளில் இறங்கினாள்.