ஒத்தைப் படகும் ரெட்டைப் படகும்

கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டு வரைக்கும் போன ஊர் சின்னக் காஞ்சிபுரம். அந்த ஊர்க்காரர் ஒருவர், படகுக்கு ஓர் உடம்பு நல்லதா இரண்டு உடம்பு நல்லதா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டார் என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வரலக்ஷ்மி இப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொள்வாள். அவள் கழுத்தை நீட்டியது என்னவோ முரளீதரனுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த மனுஷர் கண்ணாயிரத்தின் சொத்து.

முரளீதரன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். கண்ணாயிரம் தாமல்காரர், விவசாயக் குடும்பம்; நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து கேபிள் டி.வி. நடத்தினார். தொண்ணூற்றைந்தில் ஒரு நாள், படம் சரியாகத் தெரியவில்லை என்று அவர் கடைக்குச் சண்டைக்குப் போனார் வாத்தியார். அங்கே ஏதோ வெளிநாட்டுச் சானலில் பாய்மரப் படகுகள் பந்தயம் போய்க்கொண்டிருந்தன. வந்த காரியத்தை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் நிற்பதைப் பார்த்துக் கண்ணாயிரமும் சானலை மாற்றவில்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தச் சனியன் என்பாள் வரலக்ஷ்மி.

இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. முரளீதரன் கோயில் குளத்தில் இரண்டாம் படிக்குக் கீழே இறங்கமாட்டார். கண்ணாயிரம் மகாபலிபுரத்தில் அலை காலைத் தொட்டதும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். ஆனால் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேரும் மாலுமிகள்! காற்று எந்தப் பக்கம், பாயை எப்போது திருப்ப வேண்டும், எல்லாம் அத்துபடி.

முரளீதரனுக்கு ஒற்றை உடம்புப் படகுதான் படகு. அதற்கு 'ஒத்தை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு ஒல்லிப் படகுகளைச் சட்டம் போட்டுப் பிணைத்த கேட்டமரானுக்கு 'ரெட்டை'. கண்ணாயிரம் ரெட்டைக் கட்சி.

"இன்னா சார் இது, மாட்டு வண்டியாட்டம் ஆடிக்கினு போவுது உங்க ஒத்த? எங்க ரெட்டைய பாருங்க, தண்ணியே தொடாம பறக்குது."

"பறக்கும் ஓய், பறக்கும். கவுந்தா எழுந்திருக்குமா? என் ஒத்தை அடியில ஈயத்தைக் கட்டிண்டிருக்கு. சாயும், தண்ணியக் குடிக்கும், மறுபடி எழுந்து நிக்கும். உம்ம ரெட்டை கவுந்தா கவுந்ததுதான். கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து கிடக்கும்."

"கவுந்தாத்தானே சார்!"

இந்த இடத்துக்கு வந்ததும் வரலக்ஷ்மி காபியைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். வைக்காவிட்டால் சட்டையைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கும். குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ராட்சச ரெட்டைகள் உலகத்தைச் சுற்றிப் பந்தயம் போன வருஷம் கண்ணாயிரத்துக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். முரளீதரன் அதை வாங்கித் தின்றுவிட்டு, "இனிப்பு நன்னா இருக்கு, படகு நன்னா இல்லை" என்றார். தோற்றேன் என்று ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

நடுவில் ஒரு முறை கண்ணாயிரம் இரண்டு மூன்று வாரம் வரவில்லை. அவருடைய அப்பா போய்விட்டார். மழை பொய்த்துத் தாமல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருஷம் அது. காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தவர், டி.வி.யைப் போடச் சொல்லவில்லை.

"எங்க ஊர்ல ஒரு வழக்கம் சார். சாவக் கெடக்கிறவங்க கிட்ட இல்லன்னு சொல்ல மாட்டோம். இன்னா கேட்டாலும் ஆமா, இன்னா சொன்னாலும் சரி. நைனா என் கையப் புட்ச்சிக்கினு, ஏரி ரொம்பிச்சாடான்னு கேட்டாரு. ஏரில பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தாங்க. ரொம்பிடுச்சு நைனா, கரை முட்டி வழிஞ்சி கோடி போவுதுன்னேன். சிரிச்சிக்கினே போயிட்டாரு."

முரளீதரன் அவர் தோளைத் தொட்டார். "நல்ல பொய் ஓய் அது" என்றார்.

இரண்டாயிரத்து ஏழு, ஆனி மாதம். முரளீதரனுக்கு வயிற்று வலி என்று தொடங்கி, சாப்பாடு இறங்காமல், ஆள் பாதியாகிவிட்டார். சென்னை டாக்டர் வரலக்ஷ்மியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கட்டி பரவிவிட்டதாம், கத்தி வைக்க முடியாதாம், வீட்டுக்கே அழைத்துப்போய் வேண்டியதைக் கொடுங்கள் என்றார். அவள் வெளியே வந்து, "அல்சராம், பத்தியமா இருந்தா சரியாயிடுமாம்" என்று புருஷனிடம் சொன்னாள். பெருமாளே, அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் அவள் பட்ட பாடு! பெங்களூரிலிருந்து வந்த பிள்ளை அச்சுத்துக்கும் அதையே சொல்லும்படி சத்தியம் வாங்கினாள். முரளீதரன் பயந்த சுபாவம். தெரிந்தால் இருக்கிற நாளையும் பயத்திலேயே கழித்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

கண்ணாயிரத்திடம் மறைக்க முடியவில்லை. வாசல் கேட்டருகே நிறுத்திச் சொல்லிவிட்டாள். அவர் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார்.

"அழப்படாது. உள்ள போயி எப்பவும் போல சண்டை போடணும். நீங்க ஒரு நாள் சண்டை போடலைன்னாலும் அவருக்குத் தெரிஞ்சு போயிடும். எனக்காகச் செய்வேளா?"

"செய்றேன் மாமி. என்னாண்ட வுடுங்க."

சொன்னபடி செய்தார். இரண்டு ஞாயிறு நன்றாகவே போயிற்று. தலையணையில் சாய்ந்துகொண்டு முரளீதரன் ஒரு வார்த்தை சொல்வார், கண்ணாயிரம் பத்து வார்த்தை சொல்வார். மாட்டு வண்டி என்பார், கட்டை வண்டி என்பார். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் வரலக்ஷ்மிக்கு அந்தக் கூச்சல் வேதபாராயணம் போல இருந்தது. முன்பெல்லாம் காதைப் பொத்திக்கொண்டவள் இப்போது, இன்னும் கொஞ்சம் கத்துங்களேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு. அமெரிக்கா கோப்பையின் கடைசிப் பந்தயத்தை மறு ஒளிபரப்பில் போட்டார்கள். இரண்டும் ஒத்தைப் படகுகள். முடிவு என்னவென்று இருவருக்கும் முன்னமே தெரியும், ஆனாலும் பார்த்தார்கள். ஒன்று முந்த, மற்றது முந்த, கடைசியில் ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் ஒன்று கோட்டைத் தாண்டியது. முரளீதரன் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு வாங்கியது.

"ஒரு நொடி... பாத்தீரா ஓய்? இதுக்குப் பேருதான் போட்டி. உம்ம ரெட்டையில... இது உண்டா?"

சொல்லிவிட்டு, பதிலடி விழும் என்று காத்திருக்கிற மாதிரி சிரித்தபடி கண்ணாயிரத்தைப் பார்த்தார். வரலக்ஷ்மி காபியோடு நிலைப்படியில் நின்றாள். ரெட்டையா இருந்தா எப்பவோ ஊட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்கியிருப்பான் சார் என்று சொல்ல வேண்டியதுதானே? இது எத்தனை தடவை சொன்ன பதில்!

கண்ணாயிரம் சொல்லவில்லை. நண்பருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாகப் போர்வைமேல் கிடந்தது அந்தக் கை. அவர் அதை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றதுதான் சார் சரி. ஒத்ததான் ஒசத்தி."

பாவி மனுஷா! வரலக்ஷ்மிக்குக் காபி டம்ளர் தட்டிலேயே சாய்ந்தது. எத்தனையோ வருஷச் சண்டையில் முதல் தடவையாக ஒருத்தர் ஒத்துக்கொண்டுவிட்டார். ஊர்வழக்கம் அவர் வாயைத் திறந்து தானாக வெளியே வந்துவிட்டது.

முரளீதரனுடைய சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணாயிரத்தைப் பார்த்தார். பிறகு நிலைப்படியில் நிற்கிற மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டி.வி.யில் ஜெயித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடிக்கொண்டிருந்தார்கள்.

நிதானமாகக் கேட்டார். "உங்க ஏரி ரொம்பிடுத்தா கண்ணாயிரம்?"

கண்ணாயிரத்துக்கு முகம் வெளுத்துப்போயிற்று. கையை விட்டார். ஆனி மாத வெயிலில் எந்த ஏரி ரொம்பும்? என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது கதை. அவர் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார்" என்றார். "சொட்டுத் தண்ணி இல்ல. ஆடு மேயுது."

"அப்படிச் சொல்லும்." முரளீதரன் கண்ணை மூடித் திறந்தார். ஓரத்தில் ஈரம் இருந்தது. "அப்போ ரெட்டையைப் பத்தியும் உண்மையச் சொல்லும். என்னை ஏமாத்தாதேயும்."

"ரெட்டதான் சார் ஒசத்தி. உங்க ஒத்த கட்டை வண்டி."

"கவுந்தா எழுந்திருக்குமா?"

"கவுந்தாத்தானே சார்!"

இரண்டு பேரும் அழுதுகொண்டே சண்டை போட்டார்கள். வரலக்ஷ்மி டி.வி. சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு உள்ளே போய், அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அவள் பயந்தபடி அவர் பயப்படவில்லை. அன்று ராத்திரி அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "அல்சர்னு சொல்ல நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பே" என்று மட்டும் கேட்டார். அவரைக் கோழை என்று நினைத்ததற்காக அவள் இன்றைக்கும் வருத்தப்படுகிறாள்.

ஆடி முடிவதற்குள் போய்விட்டார். கண்ணாயிரம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. வந்து என்ன செய்வார்? அவளும் கூப்பிடவில்லை. மத்தியானமானால் கை தன்னால் இரண்டு டம்ளரை எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பாள்.

கார்த்திகையில் விடாமல் மழை. ஒரு நாள் சாயங்காலம் தெப்பமாக நனைந்து வந்து நின்றார் கண்ணாயிரம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குப் போய், மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் நின்றார்.

"சார், ஏரி ரொம்பிடுச்சு. கோடி போவுது" என்றார். "நெசமாத்தான் சார். பொய் இல்ல."

சொட்டச் சொட்ட நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதார். வரலக்ஷ்மி துண்டை எடுத்து நீட்டினாள். காதில் விழுந்து விழுந்து மனப்பாடமானது ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஏரியெல்லாம் இருக்கட்டும். உங்க ரெட்டை கவுந்தா எழுந்திருக்குமா?"

கண்ணாயிரம் திரும்பிப் பார்த்தார். துண்டை வாங்கிக்கொண்டார். எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"கவுந்தாத்தானே மாமி!"

அவள் இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு காபி போடப் போனாள்.