ஸிங்பார் போட்ட அரிசி

சனிக்கிழமை மத்தியானம் என்றால் இயாங் வருவாள். மேட்டுப் பாதையில் ஆள் தெரிவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "கடவுள் பங்கு எங்கடி?" என்று கேட்பாள். தோளில் தொங்கும் சாக்கில் அரிசியைக் கொட்டிக்கொள்வாள். அந்த வீட்டுப் பன்றி இளைத்துப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வாள். சபைப் பெண்கள் சங்கத்தில் இந்தச் சரிவு வீடுகள் அவள் பொறுப்பு.

தியாலின் வீடு கடைசி வீடு. தியால் அவளுக்குத் தம்பி மனைவி.

"தியாலு, அரிசி இருக்கா?"

"இல்ல அண்ணி."

"டீயாவது இருக்கா, இல்ல அதுவும் இல்லையா?"

மழைக்காலம் முடிந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் இதே பேச்சுதான். அரிசி ஏன் இல்லை என்று இயாங் கேட்டதே இல்லை. அடுப்போரம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடிப்பாள்.

"ஜெபம் பண்றியா?"

"வாய் வரல அண்ணி."

"சரி, நான் பண்றேன். நீ அந்த விறகைத் தள்ளு, புகையுது." கண்ணை மூடிக்கொள்வாள். "ஆண்டவரே, இவளுக்கு ராத்திரி ரெண்டு வாய் சாப்பிட மனசு குடும். மலேசியாவுல என் தம்பி முதுகுவலி தீரட்டும். இந்தப் பச்சை விறகை வித்தவன் எவனோ, அவனையும் மன்னியும். ஆமென்."

அவ்வளவுதான். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள். துக்க வீட்டுக்கு வந்த மற்றவர்கள் நீளநீளமாகப் பேசினார்கள். அதில் ஒன்றும் தியாலுக்கு நினைவில்லை. இயாங்கின் பச்சை விறகு ஜெபம் மட்டும் அவள் போன பிறகும் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் இருக்கும்.

அரிசி இல்லை என்று தியால் சொன்னது பொய். கடவுள் டப்பா விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்தது. அதில் அரிசியும் இருந்தது.

அந்த மலையில் எல்லா வீட்டிலும் உலை வைக்கும்போது, கழுவுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து டப்பாவில் போடுவார்கள். அது சபைக்கு. சோளக் கஞ்சி குடிக்கிற நாளில் ஒரு பிடி சோளம். தியாலின் வீட்டில் அந்தப் பிடியைப் போட்டது அவள் மகள் ஸிங்பார். வேறு யாரையும் விடமாட்டாள். பிஞ்சுக் கை, பாதி அரிசி தரையில் சிந்தும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதையும் போடுவாள்.

"அம்மா, என் கை சின்னதுதானே? கடவுள் ஏமாந்துட்டோம்னு நினைக்க மாட்டாரா?"

"நினைக்க மாட்டாரு. உலை கொதிக்குது, சீக்கிரம் போடுடி."

சனிக்கிழமை சாயங்காலம்தான் அவளுக்கு மிகவும் பிடிக்கும். இயாங் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பாள். வெறும் தகரத்தில் முதல் பிடி விழும்போது சடசடவென்று சத்தம் வரும். "மழை வந்துடுச்சு!" என்று இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடுவாள்.

உண்மையான மழை வந்தபோது அவளுக்குக் காய்ச்சல். மலை சரிந்து டவுன் ரோடு அடைபட்டுவிட்டது. ஆண்கள் அவளை நாற்காலியில் கட்டி மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் திரும்பி வந்தார்கள். மலேசியாவில் தங்க அனுமதிக் காகிதம் இல்லாமல் ஹோட்டல் அடுப்படியில் வேலை செய்த தியாலின் கணவன் வான் லியான், மகளைப் புதைப்பதை அடுத்தவர் போனில்தான் பார்த்தான். அந்த வாரம் இயாங் சாக்கு எடுத்து வரவில்லை. சவப்பெட்டிக்குள் விரிக்கத் துணி கொண்டுவந்தாள்.

ஆக, ஸிங்பார் கடைசியாகப் போட்ட பிடிகள் டப்பாவிலேயே நின்றுவிட்டன.

அதன்மேல் தன் பிடியைப் போட தியாலுக்குக் கை வரவில்லை. போட்டால் மகளுடையது அடியில் போய்விடும். கொடுக்கவும் முடியவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குளிர் குறைந்தபோது டப்பாவில் வண்டு விழுந்தது.

முதலில் ஒன்றிரண்டு. அவள் வெளிச்சத்தில் கொட்டி, பொறுக்கி, மறுபடி அள்ளிப் போட்டாள். வெயிலில் காயவைத்தாள். மிளகாய் வற்றல் போட்டுப் பார்த்தாள். வண்டு போகவில்லை. அரிசி ஓட்டை விழுந்து, விரலில் மாவாக ஒட்டியது.

அப்படி ஒரு சனிக்கிழமை அவள் முறத்தின் முன் குனிந்திருந்தபோது, இயாங் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து நின்றாள். அன்று கீழே அவள் குரல் கேட்கவேயில்லை. தொண்டை கட்டியிருந்தது.

"அடிக் கள்ளி!" என்றாள் கரகரத்த குரலில். "கடவுள் டப்பா! இல்ல இல்லன்னு இத்தனை நாளா எனக்கு டீ குடுத்தே அனுப்புனியா?" சிரித்தாள். பிறகு முறத்தைப் பார்த்தாள். தியாலின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவ கையால போட்டது அண்ணி," என்றாள் தியால். "எடுத்துட்டுப் போயிடாதீங்க."

இயாங் சாக்கைத் தோளிலிருந்து இறக்கி மூலையில் போட்டாள். எதிரே உட்கார்ந்து, அவளும் வண்டு பொறுக்க ஆரம்பித்தாள். இரண்டு தலையும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்திருந்தன.

"மாவாப் போயிட்டிருக்கு," என்றாள் தியால் கடைசியில்.

"ஆமா."

"நான் வச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சாது, இல்ல?"

இயாங் விரலில் ஒட்டிய மாவைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அது ஜலதோஷமா, அழுகையா என்று தெரியவில்லை. எழுந்து காலிச் சாக்கை எடுத்துக்கொண்டாள். ஜெபம் பண்ணாமலே படியிறங்கினாள். இரண்டடி போய்த் திரும்பி, "எனக்கும் இன்னைக்கு வாய் வரல தியாலு," என்றாள்.

அன்று சாயங்காலம் தியால் உலை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணிக்கே வாய் வராத நாளும் உண்டு என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் வீடு இன்னும் கொஞ்சம் இருட்டின மாதிரியும் இருந்தது, பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்த மாதிரியும் இருந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். உலை வைக்கும்போதெல்லாம் அள்ளி அள்ளித் தந்தவள் ஸிங்பார். ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. திருப்பி எடுத்து வைத்திருப்பது நான்தான் என்று தோன்றியது.

மறுநாள் மணி அடித்தபோது கதவைச் சாத்தவில்லை. டப்பாவைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

கோயில் பின்கட்டில் பெண்கள் சாக்குகளைப் பெரிய மரத்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தியாலைக் கண்டதும் நகர்ந்து இடம்விட்டார்கள். சங்கத் தலைவி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ, இது வண்டரிசிம்மா! தொட்டியில கொட்டினா மொத்தமும் கெட்டுடும். கோழிக்கு வச்சிடலாம், அதனால என்ன," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

தியாலின் கை டப்பாவை இறுக்கியது. திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

"கோழிக்கெல்லாம் இல்ல," என்றாள் இயாங். "முறத்தைக் குடுங்க."

புடைத்தாள். தூசி அவள் முகமெல்லாம் படிந்தது. இருமிக்கொண்டே மறுபடி புடைத்தாள். சலித்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றிலும் குந்தி, கறுப்பாகத் தெரிந்ததை எல்லாம் பொறுக்கினார்கள். முடிந்தபோது முறத்தில் முழு அரிசியாக நின்றது கொஞ்சம்தான். ஒரு சின்னக் கைக்கு ஒரு பிடி இருக்கும்.

"நீயே போடு," என்றாள் இயாங்.

தியால் போட்டாள். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்ததால் சத்தமே வரவில்லை. அந்தப் பிடி வெள்ளையோடு வெள்ளையாகச் சரிந்து கலந்தது. எது ஸிங்பாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. அவள் விரல் ஒருமுறை தொட்டியை நோக்கிப் போனது. இயாங் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆராதனை முடியும்வரை விடவில்லை. தியால் பாடவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் உலை வைத்தாள். அரிசியைக் கழுவுமுன் ஒரு பிடி எடுத்தாள். தன் கை இவ்வளவு பெரியது என்று அன்றுதான் பார்த்தாள். காலி டப்பாவின்மேல் அந்தக் கை நெடுநேரம் நின்றது.

"இது நான் போடறது, ஆண்டவரே," என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

விரலைத் திறந்தாள். தகரத்தில் சடசடவென்று மழை பெய்தது. அடுப்பைச் சுற்றி யாரும் ஓடவில்லை. மழை நின்ற பிறகும் தியால் காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள்.