இருபது விநாடி

புதன்கிழமை சாயங்காலம் ஆம்ப்ரோஸ் பழைய மேசை விரிப்பை எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் போர்த்தினார். வலது கை ஒத்துழைக்காததால் ஒரு மூலை மடங்கித் தொங்கியது. அவர் மனைவி உர்சுலா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். உதவிக்குப் போனால் அவருக்குக் கோபம் வரும். போகாமல் இருந்தால் அவளுக்கு அழுகை வரும்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்குக் கோயில்லேர்ந்து ஆள் வந்து தூக்கிட்டுப் போவாங்க. ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எதுக்குங்க? விளையாடிட்டுத்தானே இருந்தீங்க.”

“நானா விளையாடுறேன்? அது என்னை வெச்சு விளையாடுது லா.”

கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வரைபடம் போட்ட கை அது. போன வருஷம், எண்பத்தைந்து செப்டம்பரில் வந்த பக்கவாதம், பேச்சை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது. விரல்களை அசைத்துக்கொண்டே இருக்காவிட்டால் இறுகிப்போகும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். மனுஷர் அதை ஒரே வாரத்தில் ஜன்னல் வழியாக வீசிவிட்டார். சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒன்பதாவது மாடி வீடு. கீழே யார் தலையிலும் விழாமல் போனது மாதா புண்ணியம். அதற்குப் பிறகு அந்த விரல்கள் ஆசையோடு அசைந்தது கம்ப்யூட்டரில் இருந்த கடற்போர் விளையாட்டுக்கு மட்டும்தான். தன் கப்பல்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பொத்தான்களை அழுத்திச் சொல்ல, ஒவ்வொரு முறையும் இருபது விநாடி. தாண்டினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும், முறை எதிரிக்குப் போய்விடும். ஆறு மாதமாக அந்தச் சத்தம்தான். இடது கையால் அழுத்தினால் என்ன என்று ஒருமுறை கேட்டாள். “இடது கை ஜெயிச்சா எனக்கென்ன?” என்றார். வீம்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இந்த விளையாட்டும் போய்விட்டால் அந்தக் கை அவ்வளவுதான் என்று உர்சுலாவுக்குப் பயமாக இருந்தது.

அவள் ஓர் ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தாள். மறுநாள் அங்கே புரோகிராம் எழுதும் அப்துல் அலீமிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினான்.

“இது செக்டர் எடிட்டர்க்கா. கேம் டிஸ்க்குக்குள்ள எழுதியிருக்கிற நம்பரெல்லாம் காட்டும், நீங்க மாத்தி எழுதலாம். அங்க பதினாறு பதினாறா எண்ணுவாங்க, அதனால இருபதுக்கு 14னு இருக்கும், ஒரு பதினாறு, மேல நாலு. ஃபர்ஸ்ட் காப்பி எடுத்துக்குங்க. ஒரிஜினல்ல கை வெச்சா போச்சு.”

வெள்ளியும் சனியும் காலையில் ஆம்ப்ரோஸை மருத்துவமனை வேன் வந்து பயிற்சிக்கு அழைத்துப் போகும். உர்சுலா இரண்டு நாளும் லீவு போட்டாள். காப்பி எடுத்து, திறந்து பார்த்தால் திரை முழுக்க எண்கள். அதில் 14 மட்டும் நாற்பது இடத்துக்கு மேல். ஒவ்வொன்றாக மாற்றி, விளையாட்டை ஓட்டிப் பார்த்து, இல்லையென்றால் திரும்ப வேறு காப்பி. முதலில் மாற்றியதில் ஒரு தீவு காணாமல் போனது. அடுத்ததில் எதிரித் தளபதியின் பெயர் பாதி அழிந்தது. இன்னொன்றில் கப்பல் ஒன்று கரையேறி, ஒன்றும் நடக்காதது போல மலைமேல் போய்க்கொண்டிருந்தது. உர்சுலா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, அவள் அறுபதாக மாற்றிய ஓர் இடத்தில், இருபது விநாடி கடந்தும் பீப் வரவில்லை. அறுபதில்தான் வந்தது.

“ஆபீஸ்ல வேற காப்பி குடுத்தாங்க. கோயிலுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்களேன்,” என்றாள் அவர் வந்ததும்.

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் தேக்கா சந்தையில் வாங்கிய மீனை ஆய்ந்துகொண்டு காதை மட்டும் கூடத்தில் வைத்திருந்தாள். பொத்தான் சத்தம் நிதானமாக வந்துகொண்டே இருந்தது. பீப் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் எதிரியின் மூன்று கப்பல்கள் மூழ்கியிருந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில், “கம்ப்யூட்டரை இப்ப குடுக்கல ஃபாதர், மன்னிச்சுக்குங்க,” என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் விரிப்பை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தார்.

“உர்சுலா, முன்னெல்லாம் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிறதுக்குள்ள பீப் அடிச்சிடும்.”

பதற்றம் வந்தால் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொள்வது அவருடைய பழக்கம். முட்டை வேகவைக்கக்கூட அதைத்தான் எண்ணுவார். இது தெரிந்த அவள், இதை எப்படி மறந்தாள்?

“நேத்து மூணு சொல்லி முடிச்சேன்.”

“கோவமாங்க?”

“நேத்து முதல் தடவை பார்த்தப்ப வந்துச்சு. அப்புறம், நீ எத்தனை நேரம் உட்கார்ந்து தேடியிருப்பேன்னு நினைச்சேன்.” திரைப்பக்கம் திரும்பினார். “மூணு ரொம்ப ஜாஸ்தி லா. ரெண்டாக்க முடியுமா?”

நாற்பது. பதினாறு பதினாறாக எண்ணினால் 28. உர்சுலா மனக்கணக்காகவே போட்டுவிட்டாள். அவர் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். அவள் எண்ணை மாற்றும்வரை பின்னால் நின்று பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

கடல் திரையில் வந்தது. அவர் உதடுகள் அசையத் தொடங்கின. அவளும் கூடவே மனத்துக்குள் சொன்னாள். முதலாவது முடிந்தது. இரண்டாவதில் பாதி போயிற்று. வலது கை ஆள்காட்டி விரல், மெல்ல நடுங்கிக்கொண்டு, கடைசிப் பொத்தானை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.