மருதாத்தாள் மடியில் ஓர் ஒயர் பெட்டி

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, இந்தக் கதை ஒரு விளம்பரத் தாளிலிருந்து வந்தது. யாருக்கோ வந்ததை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கான ஒயராம். 'அம்புக்குறி பார்த்து மாட்டவும். முதல் இருநூறு மணி நேரம் பாட்டு ஓடவிட்டு ஒயரைப் பழக்கவும்.'

ஒயரைப் பழக்குவதா! காளங்கன்றைப் பழக்குவார்கள், தெரியும். சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குக் கதை வந்தால் அடுப்பை அணைக்கக்கூட நேரமிருக்காது. அணைத்துவிட்டேன், பயப்படாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, மாலைக் காற்று மெல்ல...'

வேண்டாம். எல்லாக் கதையிலும் காற்று மெல்லத்தான் வீசுகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'இறந்துபோன மனைவியின் குரலைத் தெளிவாகக் கேட்க, ஆறுச்சாமி விலையுயர்ந்த ஒயர் ஒன்று வாங்கினார்.'

இதை எழுதிவிட்டு நானே கொஞ்சம் அழுதேன். நீங்களும் அழுதிருப்பீர்கள். ஆனால் அந்த மனைவி மருதாத்தாள் விடவில்லை.

"ஏனுங்க்கா, உங்களுக்கு அழுகாச்சி வேணும்னா நாஞ் சாகோணுமா? தக்காளிக்கு அப்பறம் யாரு மருந்தடிக்கறது?"

நியாயம்தானே. பிழைத்துப்போகட்டும்.*

(*உயிரோடு விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று நாலாம் பகுதியில் தெரியும்.)

3

சரி, நேராகவே சொல்கிறேன். ஆறுச்சாமி தென்னை விவசாயி. தேங்காயைக் காதோரம் வைத்துத் தட்டியே உள்ளே பருப்பு முற்றியதா, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்தக் காதுதான் அவர் பெருமை. கோயம்புத்தூர்க் கடைக்காரன் ஒருவன் சரியாக அந்தக் காதைப் பிடித்தான்.

"உங்களாட்டம் காது இருக்கறவங்களுக்குத்தானுங்க இந்த ஒயரோட தரம் தெரியும்."

போர்வெல் மோட்டார் எரிந்துபோய்ப் புதிதுக்கென்று வைத்திருந்த முப்பத்தெட்டாயிரமும் ஒயராகிவிட்டது. தக்காளிச் செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பினால் பணம் வந்துவிடும். இன்று பதினைந்தாம் நாள். நாலு மணிக்குக் கூரியர் வண்டி.

ஆறுச்சாமியோ மத்தியானச் சாப்பாடு முடித்து, மருதாத்தாள் குழுவோடு பாடிய வள்ளி கும்மிப் பதிவைப் போட்டுச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்புள்ள, உன்ற வளையல் சத்தங்கூட இப்பத்தான் கேக்குது!"

"அன்னைக்கு நா வளையலே போடலீங்க."

4

மருமகள் செல்வப்பிரியா எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. வழக்கை அவள் கையில் எடுத்தாள்.

"மாமா, கண்ணக் கட்டிக்குங்க. பத்துத் தடவ பாட்டுப் போடறேன். புது ஒயரா, மோட்டாருக்கு இழுத்ததுல மிச்சமான ஒயரான்னு சொல்லோணும். எட்டு சரியாச் சொல்லீட்டா ஒயரு இங்கயே இருக்கட்டும்."

"எட்டென்ன, பத்தும் சொல்றேன் போ."

நடுவில் சேலைத் திரை. அதற்குப் பின்னால் மருதாத்தாள் காசு சுண்ட வேண்டும். தலை விழுந்தால் புதிது, பூ விழுந்தால் பழையது. மாட்டிவிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டு தொடங்கியது.

"ஆஹா, இது புதுசு! மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது."

"இது பழசு. தகரத்தத் தட்டறாப்பல இருக்குது."

அவருக்கு மூன்று சரி கொடுப்பதாக நான் முடிவு செய்திருந்தேன். சும்மா திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், எழுதுகிறவளுக்கு அந்தச் சலுகை உண்டு. ஐயோ கண்ணுகளா! மருதாத்தாள் காசையே தொடவில்லை. புது ஒயரைக் காலையிலேயே சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்துத் தடவையும் மோட்டார் ஒயர். அந்த வளையல் சத்தமும் மோட்டார் ஒயரில் கேட்டதுதான்!

சத்தியமாக நான் இப்படி எழுதவில்லை.

ஆறு புதிது, நாலு பழையது என்று சொல்லி முடித்துவிட்டார் ஆறுச்சாமி.

5

முடிவு ஒன்று: மருதாத்தாள் உள்ளதைச் சொல்கிறாள். பணம் வருகிறது, மோட்டார் ஓடுகிறது. ஆனால் நாளைக்குத் தேங்காயைத் தட்டும்போது அவர் விரல் தயங்கினால்? வியாபாரி அதைப் பார்த்துவிட்டால்?

முடிவு இரண்டு: அவர் மனம் நோகாமல் 'எட்டு சரி' என்கிறாள். ஒயர் தங்கிவிடுகிறது. தக்காளி...

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

முடிவு மூன்று: மருதாத்தாள் மெதுவாக எழுந்து...

இருங்கள், வாசலில் ஹாரன். கூரியர் வந்துவிட்டது!

"மருதா, எத்தன சரி?" ஆறுச்சாமி கண்கட்டை அவிழ்த்தார். பதிலுக்குக் காத்திராமல் சேலையை விலக்கினார். "காலிப் பொட்டிய எதுக்குப் புள்ள மடியில வெச்சிருக்கற?"

வாங்கினார். கனம் கைக்குத் தெரிந்திருக்கும்; அவர் கையை நம்புகிறவர் இல்லை. பழக்கம், கண்ணுகளா, நாற்பது வருடப் பழக்கம்! பெட்டியைக் காதோரம் கொண்டுபோய், விரலை மடக்கி ஒரு தட்டு.

நின்றுவிட்டார்.

இன்னொரு தட்டு.

முற்றிய காய் மாதிரி நிறைந்த சத்தம். அந்தக் காது தப்பவே இல்லை.

இரண்டாம் ஹாரன். மருதாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். செல்வப்பிரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஆறுச்சாமி பெட்டியைக் காதிலிருந்து எடுக்காமலே வாயைத் திறக்கிறார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவர் என்ன சொல்கிறார்? நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேளுங்கள், சாமிகளா. என்னைவிட உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.